ஏழாம் சங்கிலியின் நன்னடத்தை

சங்கிலி அமைதிப் பேணல் பிரிவின் வாசலில் ஒரு பலகை இருந்தது. 'அசம்பாவித ஒலியற்ற நாட்கள்' என்று பச்சையில் எழுதி, அதன் கீழே தினமும் காலையில் எண்ணை மாற்றுவார்கள். மாற்றுகிறவர் பிரிவின் தலைவரே. அதற்கென்று அவர் ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை வைத்திருந்தார். எண் மாறியதும் எல்லோரும் கை தட்ட வேண்டும். தட்டாதவர் யார் என்று செயலாளர் அம்மாள் குறித்துக்கொள்வார். அந்தத் திங்கட்கிழமை எண் 211.

பலகைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறை. அங்கே ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைக் காதுக்காரர் என்று கூப்பிடுவார்கள். கரையிலிருந்து அறுபது கிலோமீட்டர் தள்ளி, கடலில் ஓர் எண்ணெய்க் கிடங்குக் கப்பல் நின்றது. அதைப் பன்னிரண்டு சங்கிலிகளால் கடலின் அடியோடு கட்டிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு வளையமும் ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவு. சங்கிலிக்கு ஒன்றாக நீருக்குள் மைக் வைத்திருந்தார்கள். இரும்பில் விரிசல் விட்டால் அது பெரிதாகும்போதெல்லாம் சத்தம் போடும். சங்கிலி அறுவதற்கு முன்னால் சொல்லிவிட்டுத்தான் அறும். அது சொல்வதைக் கேட்க ஓர் ஆள் வேண்டும், அவர்தான் இவர். இவர் சொல்வதைக் கேட்க ஆள் வேண்டும். அதற்குப் பிரிவில் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள்.

அந்தக் கப்பலில் நூற்று நாற்பது பேர் வேலை பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் சமைத்துப் போட்டது காதுக்காரரின் மனைவி. இன்னொரு சமையற்காரர் பதவி இரண்டு வருடமாகக் காலி. அதனால் அவள் ஒருத்திதான். ஆகவே மற்றவர்கள் சங்கிலியின் சத்தத்தைக் கோப்பில் படித்தபோது, இவர் மட்டும் அதை அடிவயிற்றில் கேட்டார்.

அன்று காலை பதினொன்றரை மணிக்கு ஏழாம் சங்கிலியில் 'மளுக்' என்று ஒரு சத்தம்.

காதுக்காரர் ஹெட்போனை இறுகப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும், சன்னமாக, மளுக்.  எழுந்து செயலாளர் அம்மாளின் மேசைக்கு ஓடினார்.

"மேடம், ஏழுல ஒரு சத்தம். படிவம் குடுங்க."

அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். படிவம் போனால் பலகை பூஜ்யத்துக்கு இறங்கும். இதற்கு முன்பு இரண்டு தடவை அப்படி இறக்கிவைத்த பழைய காதுக்காரர், இப்போது அதே கட்டடத்தில் லிப்டின் சத்தத்தைக் கேட்கும் பணியில் இருந்தார்.

"என்ன சத்தம்?"

"மளுக்."

அம்மாள் அங்கீகரிக்கப்பட்ட ஒலிகளின் பட்டியலை எடுத்தார். மொத்தம் நாற்பத்தொரு ஒலி. ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணமும் போட்டிருந்தது. டிக் என்றால் நண்டு. டொக் என்றால் அலை. கிரீச் என்றால் சங்கிலி சோம்பல் முறிப்பது.

"ம வரிசையில 'முணுமுணு'தான் இருக்கு. அது தூரத்துல போற படகு. அதைப் போட்டுக்கலாமா?"

"இல்ல மேடம். இது ஏதோ முறியிற சத்தம்."

"முறியிறதுன்னு நீங்க சொல்லக் கூடாது. அது முடிவு. நீங்க கேட்கிறவர். முடிவு எடுக்கிறது குழு."

"அப்போ குழுவுக்கு அனுப்புங்க."

"பட்டியல்ல இல்லாத சத்தத்தைக் குழுவுக்கு எப்படிங்க அனுப்புறது? குழு என்னை என்ன நினைக்கும்?"

அவர் அங்கேயே நின்றார். போக மாட்டார் என்று தெரிந்ததும், வேண்டா வெறுப்பாக, 'பெயரிடப்படாத ஒலி பற்றிய வாய்மொழி விசாரணை' என்று ஒரு தலைப்பைக் கண்டுபிடித்துப் புதன்கிழமைக்குத் தேதி கொடுத்தார் அம்மாள். இடையில் இரண்டு நாள். அந்த இரண்டு நாளில் காதுக்காரர் ஒன்பது மளுக் கேட்டார்.

புதன்கிழமை குழு கூடியது. ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டலாம் என்று கருவியைத் தூக்கிக்கொண்டு போனார் காதுக்காரர். குழு அறையில் கருவிகளுக்கு அனுமதி இல்லை என்று வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். வாயாலேயே செய்து காட்டச் சொன்னார்கள்.

"மளுக்," என்றார் அவர்.

"இன்னொரு தடவை. கொஞ்சம் தெளிவா."

"மளுக்."

"பயப்படாம சொல்லுங்க. நீங்க பயந்து சொன்னா எங்களுக்கும் பயமா கேட்கும்."

ஒருவர் தன் விரலை மடக்கிச் சொடக்கு எடுத்தார். "இதுவும் மளுக்குதான். நான் தினமும் எடுக்கிறேன். என் விரல் அறுந்தா போச்சு? சங்கிலியும் பாவம், வருஷக்கணக்கா ஒரே நிலையில நிக்குது. சொடக்கு எடுக்குது."

குழு இதைக் குறிப்பில் ஏற்றியது. பிறகு தலைவர் எழுந்தார். எப்போது எழுந்தாலும் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொள்வார்.

"நாம எதுக்கு இருக்கோம்? சங்கிலி அறாம பார்த்துக்கவா? அதுக்குச் சங்கிலி இருக்கு. அதைப் பண்ணினவன் இருக்கான். நாம இருக்கிறது அமைதிக்கு. இருநூத்திப் பதிமூணு நாள் அமைதியை உருவாக்கியிருக்கோம். ஒரு மனுஷனோட காதுக்காக அதைத் தூக்கிக் குடுக்க முடியுமா? கேட்கிறது சுலபம், யார் வேணா கேட்பான். கேட்காம இருக்கிறதுக்குத்தான் பயிற்சி வேணும்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. காதுக்காரரும் தட்டினார். தட்டாவிட்டால் லிப்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்புறம் ஏழாம் சங்கிலியைக் கேட்க யாருமே இருக்க மாட்டார்கள்.

தினமும் சாயங்காலம் நாலு மணிக்குக் கப்பலிலிருந்து பத்து நிமிடம் பேசலாம். அன்று அவள் கூப்பிட்டதும் எல்லாவற்றையும் கொட்டினார்.

"நீ இறங்கி வந்துடு. நாளைக்கே வந்துடு."

"என்னங்க விளையாடுறீங்களா? நான் பாட்டுக்கு மூட்டையைக் கட்டிட்டு வந்துட்டா மத்தவங்க? நேத்துதான் ஒருத்தருக்குப் பொண்ணு பொறந்துருக்குன்னு இனிப்பு பண்ணிப் போட்டேன். அவரை இங்க விட்டுட்டு வர்றதா?"

"அப்போ கேப்டன்கிட்ட சொல்லு."

"சொல்லாம இருப்பேனா? அவருக்கும் உள்ளுக்குள்ள உதறல்தான். கரையிலேருந்து படிவம் வந்தாத்தான் ஆளை இறக்க முடியுமாம். படிவம் இல்லாம இறக்கினா அவரோட வேலை போயிடுமாம்."

வெள்ளிக்கிழமை பிற்பகல், ஏழாம் சங்கிலியில் மளுக் கேட்கவில்லை. நண்டு, அலை, சோம்பல், எதுவும் கேட்கவில்லை. காதுக்காரர் கம்பியைப் பிடுங்கி மறுபடி செருகிப் பார்த்தார். மைக் சரியாக இருந்தது. சங்கிலிதான் பேச்சை நிறுத்திவிட்டது. இழுத்துக் கட்டின சங்கிலி ஒருநாளும் வாயை மூடாது. அறுந்து கடலடிச் சேற்றில் விழுந்துகிடக்கிற சங்கிலிதான் இப்படிக் கிடக்கும். 

வெளியே கைதட்டல் கேட்டது. பலகைக்குக் கீழே சங்கிலிக்கு ஒரு விளக்கு உண்டு, சத்தம் குறையக் குறைய அதன் பச்சை கூடும். ஏழாம் சங்கிலியின் விளக்கு, பிரிவின் வரலாற்றிலேயே முதல் தடவையாக, கரும்பச்சைக்கு மாறியிருந்தது. அப்படி ஒரு நிறம் அதில் இருப்பதே யாருக்கும் தெரியாது. தலைவர் காதுக்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"பார்த்தீங்களா? விட்டுப் பிடிச்சோம், அடங்கிடுச்சு!"

"சார், அது அறுந்துடுச்சு சார்."

"அறுந்தா சத்தம் வருமா வராதா?"

"அறும்போது வரும் சார். அறுந்ததுக்கு அப்புறம் எப்படி வரும்?"

"அப்போ இப்போ சத்தம் இல்லை. அவ்வளவுதானே நம்ம வேலை."

ஏழாம் சங்கிலியின் பாரம் முழுவதும் அக்கம்பக்கத்து ஆறிலும் எட்டிலும் விழுந்தது. அவை இரண்டும் கிரீச் கிரீச் என்று அலறத் தொடங்கின. கிரீச் பட்டியலில் இருந்ததால் பலகைக்கு ஆபத்தில்லை. ஆனாலும் ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதல்லவா? பக்கத்துச் சங்கிலியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்படி ஆறுக்கும் எட்டுக்கும் எச்சரிக்கைக் கடிதம் தயாரானது. கொண்டுபோய்க் கொடுக்க வழியில்லாததால் பெற்றுக்கொண்டதாக அம்மாளே கையெழுத்துப் போட்டார்.

அன்று நாலு மணிக்கு மனைவி வேறொரு செய்தி சொன்னாள்.

"மத்தியானத்துலேருந்து உருளைக்கிழங்கு நிக்க மாட்டேங்குதுங்க."

"என்ன?"

"நறுக்கிற மேசையில வச்சா உருளுது. எல்லாம் ஒரே பக்கம், கதவுப் பக்கம். கப்பல் கொஞ்சம் சாஞ்சிருக்கு. கண்ணுக்குத் தெரியலை, கிழங்குக்குத் தெரியுது." அவள் சிரித்தாள். ஆனால் அது சிரிப்பு மாதிரி இல்லை.

சனிக்கிழமை காலையில் இதையும் அவர் தலைவரிடம் சொன்னார். தலைவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"உருளைக்கிழங்குக்குத் தரச்சான்று இருக்கா?"

"இல்லை சார்."

"என்ன எடை, என்ன வடிவம், யார் தோல் சீவினது, ஏதாவது பதிவு?"

"அது சமையல் சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

அன்றைக்கே வானிலை அறிக்கை வந்தது. வியாழக்கிழமை பெரும் புயல். அதே சமயம் இன்னொரு சுற்றறிக்கையும் வந்தது: ஏழாம் சங்கிலிக்கு நன்னடத்தைக் கேடயம், வியாழக்கிழமை காலை, கப்பலின் மேல்தளத்தில், தலைவரின் கையால்.

சுற்றறிக்கை வந்த அரை மணியில் தலைவர் காதுக்காரரின் அறைக்கு வந்தார். அந்த அறைக்குள் அவர் வருவது அதுதான் முதல் தடவை. கதவைச் சாத்தினார். கோட்டுப் பொத்தானைப் போடவில்லை.

"உண்மையைச் சொல்லு. அந்தக் கப்பல்ல நான் ஏறலாமா?"

"வேண்டாம் சார்."

"ஏழா?"

"ஆமா சார். இப்போ ஆறும் எட்டும் தாங்காது. புயல் வந்தா வரிசையாப் போயிடும்."

தலைவரின் நெற்றியில் வேர்த்தது.  காதுக்காரருக்கு ஒரு நம்பிக்கை முளைத்தது. இவருக்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்த மனிதர் சும்மா இருப்பாரா?

"சார், அப்போ அங்க இருக்கிறவங்க?"

"அவங்களுக்குப் பழக்கம்," என்று சொல்லிவிட்டுத் தலைவர் கதவைத் திறந்துகொண்டு போனார்.

சாயங்காலத்துக்குள் விழா கரைக்கு மாறியது. காரணம்: தலைவருக்குக் கடல் காற்று ஒத்துக்கொள்ளாது. சங்கிலியைக் கரைக்கு வரவழைக்க முடியாததால், அதன் சார்பில் கேடயம் வாங்க ஒரு கப்பல் ஆள் வேண்டும். அம்மாள் பாதுகாப்புக் கையேட்டைப் புரட்டினார். கேப்டன் கப்பலை விட்டு இறங்கக் கூடாது. இன்ஜினியர் கூடாது. மருத்துவர் கூடாது. வரிசையாக எல்லோரையும் அடித்துக்கொண்டே போய்க் கடைசியில் மிஞ்சியது சமையற்காரி. அந்தப் பக்கத்தில் அவளை யாரும் நினைத்தே பார்க்கவில்லை.

காதுக்காரருக்கு அழுகை வந்துவிட்டது. அவள் வந்துவிடுவாள். உடனே வெட்கமும் வந்தது. மற்ற நூற்று முப்பத்தொன்பது பேர் அங்கேயே இருப்பார்கள், அதில் புதிதாக அப்பாவானவரும் இருப்பார்.

நாலு மணிக்கு விஷயத்தைச் சொன்னார்.  ஏதோ பக்கத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"ஏங்க, இந்தக் கையேடு அடுப்புக்கு மேல ஆணியில தொங்குது. பருப்பு வேகுற நேரத்துல நான் இதைத்தான் படிப்பேன். கேளுங்க." அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். "'சூடான உணவு இன்றிப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பணியாளர் எவரும் கப்பலில் இருத்தல் ஆகாது. சமையற்காரர் இல்லாத நிலையில் கேப்டன் அனைவரையும் கரைக்கு அனுப்பித் தானும் இறங்க வேண்டும்.'"

"மறுபடியும் படி."

மறுபடியும் படித்தாள்.  சங்கிலி அறுந்தால் என்ன செய்வது என்று அந்த நானூறு பக்கக் கையேட்டில் ஒரு வரி கிடையாது. சோறு இல்லாவிட்டால் என்ன செய்வது என்று தெளிவாகப் போட்டிருந்தது.

"இதுக்குப் படிவம்?" என்று பயந்துகொண்டே கேட்டார்.

"வேண்டாமாம். அடுப்பு ஆறினா போதுமாம்."

புதன்கிழமை காலை ஆறு மணிக்குச் சிற்றுண்டி போட்டுவிட்டு, அடுப்பை அணைத்து, குளிர்பெட்டிகளுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் படகில் ஏறினாள். மிச்சம் மீதி வைத்திருக்கிறாயா என்று கேப்டன் ஒரு பேச்சுக்குக் கேட்டாராம். இல்லை என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டதாம். கையேட்டை இவ்வளவு பக்தியோடு ஒரு மனிதர் நிறைவேற்றி அவள் பார்த்ததில்லை. மாலை ஆறு மணிக்குள் மூன்று நடையில் எல்லோரும் இறங்கியாயிற்று. கடைசிப் படகு வரும்போதே அலை ஆளுயரம். காதுக்காரர் படகுத்துறையில் நின்று தலைகளை எண்ணினார். மனைவியையும் சேர்த்து நூற்று நாற்பது. இன்னொரு முறை எண்ணினார்.

வியாழக்கிழமை காலை விழா. மண்டபத்தின் கண்ணாடி ஜன்னல்கள் காற்றில் அதிர்ந்துகொண்டிருந்தன. கப்பல் ஆட்கள் பின்வரிசைகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை பேர் ஏன் வந்திருக்கிறார்கள் என்று தலைவருக்குப் புரியவில்லை. தன் பேச்சைக் கேட்க வந்த கூட்டம் என்று எடுத்துக்கொண்டார். மேடையில் ஏழாம் சங்கிலி சார்பில் சமையற்காரி நின்றாள்.

"அடக்கம்னா என்னன்னு இந்தச் சங்கிலிகிட்ட கத்துக்கணும்," என்றார் தலைவர். "எவ்வளவு பாரம் வந்தாலும் வாயைத் திறக்கலை. எனக்கு இப்படி இருபத்திரண்டு ஊழியர் இருந்தா..."

காதுக்காரர் கருவியைக் கூடவே கொண்டுவந்திருந்தார், சங்கிலிகளின் சத்தம் அதிலும் கேட்கும். ஹெட்போனை மாட்டினார். ஆறாம் சங்கிலி ஒரு தடவை கத்திவிட்டு நின்றது. பிறகு எட்டு. பிறகு ஐந்து, ஒன்பது. எல்லாம் அடுத்தடுத்து. கடைசியில் அவர் காதில் ஒன்றுமே இல்லை. பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். நூற்று முப்பத்தொன்பது பேரும் நனைந்த சட்டையோடு, உயிரோடு, கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். 

செயலாளர் அம்மாள் ஓடிவந்து தலைவரின் காதில் ஏதோ சொன்னார். தலைவர் முகம் வெளுத்தது. மைக்கைக் கையால் மூடிக்கொண்டு காதுக்காரரைப் பார்த்தார்.

"இப்போ எத்தனை சங்கிலியில சத்தம் இருக்கு?"

"எதுலயும் இல்லை சார்."

 தலைவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு மைக்கிலிருந்து கையை எடுத்தார். "இப்பத்தான் செய்தி வந்திருக்கு. பன்னிரண்டு சங்கிலியும் முழு அமைதி!"

மண்டபமே எழுந்து தட்டியது.

கப்பல் இரண்டு நாள் அலைந்து திரிந்து மணல்திட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றது. விசாரணைக் குழு நாலு மாதம் விசாரித்தது. கப்பல் போவதற்கு முன்னால் அதை விட்டு முதலில் போனது எது என்று பார்த்தார்கள். சங்கிலிகள் மீது புகார் எதுவும் இல்லை. ஒன்று கேடயமே வாங்கியிருந்தது. சமையற்காரி இறங்கிய இருபத்தெட்டு மணி நேரத்தில் கப்பல் போயிருக்கிறது. ஆகவே கப்பலை அவ்வளவு காலமும் பிடித்துவைத்திருந்தது சமையற்காரிதான் என்று குழு முடிவுக்கு வந்தது. இனிமேல் சமையற்காரர் எக்காரணம் கொண்டும் கப்பலை விட்டு இறங்கக் கூடாது என்று கையேட்டைத் திருத்தினார்கள்.

புதுக் கப்பல் வந்தது, புதுச் சங்கிலிகள் வந்தன. அதே நூற்று நாற்பது பேரை ஏற்றினார்கள். போகாதே என்று காதுக்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்.

"நான் போகலைன்னா வேற எவளோ போவா. அவ கையேடு படிக்கிறவளா இருக்க வேண்டாமா?" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அவரிடம் திருத்திய ஒலிப் பட்டியல் ஒன்று கொடுத்தார்கள். அவருடைய உழைப்பை அங்கீகரித்து, நாற்பத்திரண்டாவதாக, 'மளுக்' சேர்க்கப்பட்டிருந்தது. எதிரே காரணம்: சொடக்கு. குறிப்பு: கவலைப்படத் தேவையில்லை.

பலகையில் எண் 63 ஆன காலையில், நாலாம் சங்கிலியில் அவர் அதைக் கேட்டார். படிவம் கேட்டுப் போகவில்லை. மத்தியானத்துக்கு மேல் சத்தம் நின்றது. வெளியே கை தட்டினார்கள். விளக்கு கரும்பச்சை ஆகியிருக்க வேண்டும்; அவர் எழுந்து பார்க்கவில்லை. நாலு மணி ஆகும்வரை கடிகாரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள் அவள். பிறகு அவளே கேட்டாள். "எத்தனாவது?"

"நாலு."

"சத்தம் வருதா, நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு."

"சரி, லைன்லயே இருங்க," என்றாள். போனை மேசைமேல் வைக்கிற ஓசை கேட்டது. ஒரு சாக்கை அவிழ்க்கிற ஓசை கேட்டது. அதன் பிறகு, அறுபது கிலோமீட்டர் தூரத்திலிருந்து, மேசைப் பலகையின் மேல் ஏதோ ஒன்று மெதுவாக உருள ஆரம்பித்தது. உருண்டுகொண்டே போய் விளிம்பைத் தாண்டி விழுந்தது.

அவர் பட்டியலை எடுத்துப் பார்த்தார். அந்தச் சத்தம் அதில் இல்லை.